மைல் படியும் தகரப் பட்டையும்

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8-2-2603 (பழைய கணக்கில் 1943)

கிள்ளான் மளிகை வியாபாரி ஜெய்னுதீன் ராவுத்தர் அவர்களுக்கு இருதயம் எழுதிக்கொள்வது.

உங்கள் கடையை விட்டு நின்று ஆறு வாரம் ஆகிறது. பதினோரு வருடம் உங்களிடம் லோரி ஓட்டியவன் என்ற முறையில் இரண்டு விஷயம் கேட்கிறேன்.

லோரி யாருடையது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்தபோது வந்த பணத்தையும் என் வீட்டுக்காரி செசிலியாவின் நகையையும் போட்டு நான் வாங்கியது. கடைச் சரக்கு ஏற்றப் பெர்மிட் வேண்டுமே என்று உங்கள் பெயரில் பதிந்தோம், அவ்வளவுதான். எனக்குச் சம்பளம் தனி, மைலுக்கு இவ்வளவு என்று படி தனி. பெட்ரோல், டயர், ரிப்பேர் எல்லாம் அந்தப் படியிலிருந்து நான் பார்த்துக்கொள்வது. மாதக் கடைசியில் நான் சீட்டு எழுதுவேன், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். பழைய காலத்தில் ஒரு மாதம்கூடத் தப்பியதில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

புதிய ஜப்பான் ஆட்சி வந்த பிறகு ஒன்பது மாதப் படி நிற்கிறது. பெட்ரோல் இல்லை என்று லோரிக்குக் கரி அடுப்பு பொருத்தியதும் என் செலவு. செசிலியாவிடம் மிச்சமிருந்த இரண்டு வளையல் அதில் போனது. இதைத் தீர்த்துக் கொடுங்கள். இது முதல் விஷயம்.

இரண்டாவது, லோரி என் சொந்தம் என்று ஒரு கடிதம் வேண்டும். நான் இப்போது சொந்தத்தில் விறகு ஏற்றுகிறேன். சொந்த லோரிக்காரனுக்குச் சர்க்கார் ஆபீசில் கரியும் டயரும் கோட்டா கொடுக்கிறார்கள். என் செலவு இவ்வளவு என்று காட்டி மனுப் போட வேண்டும். லோரி உங்கள் பெயரில் இருக்கும்வரை நான் செய்த செலவு என் செலவே ஆகாதாம். மார்ச் முடிவதற்குள் பெயர் மாறாவிட்டால் விறகு காண்ட்ராக்ட்டும் போய்விடும். வீட்டில் மூன்று வயிறு இருக்கிறது.

இப்படிக்கு,
இருதயம்

786

கிள்ளான்
13-2-2603

தம்பி இருதயத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பதினோரு வருடம் முதலாளி, முதலாளி என்று கூப்பிட்ட வாய், ஆறே வாரத்தில் ராவுத்தர் அவர்கள் என்கிறது. நல்லது. இனி நீயும் முதலாளிதானே!

ஒன்பது மாதம் என்று எழுதிவிட்டாய். அந்த ஒன்பது மாதமும் கடையில் என்ன இருந்தது? உப்பும் எறும்பும் இருந்தது. பங்கீட்டு அரிசிக்கு வாரம் ஒரு நடை. மற்ற நாளெல்லாம் யாருக்கு ஓடினாய்? காஜாங்கிலிருந்து திரும்பும்போது பழனியப்பன் கிட்டங்கிக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்தாயே, அது என் மைலா, உன் மைலா? என் பெயர்ப் பலகையை நெற்றியில் மாட்டிக்கொண்டு உன் சவாரி ஓடினால் தேய்ந்த டயருக்கு நானா படி கொடுப்பது? ரசீது இருந்தால் அனுப்பு, பார்க்கிறேன்.

கரி அடுப்பை நான் வைக்கச் சொன்னேனா? "பெட்ரோல் இல்லாட்டி என்னா லா மொதலாளி, கரியிலயே ஓட்டிக் காட்றேன்" என்று நாலு பேர் முன்னால் மார் தட்டியது நீ.

பெயர் மாற்றும் பேச்சு இப்போது வேண்டாம். ஒரு மூன்று நாலு மாதம் போகட்டும்.

பிள்ளை சூசனுக்கு அரைக் கட்டி எடை சீனி அனுப்பியிருக்கிறேன். அதையும் கணக்கில் எழுதித் தொலைக்காதே.

ஜெய்னுதீன்

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
19-2-2603

ராவுத்தர் அவர்களுக்கு,

மரவள்ளி ஏற்றியது உண்மைதான். மூன்று நடை. அந்தக் கிழங்கில் பாதி உங்கள் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. மறந்துவிட்டீர்களா?

ரசீது கேட்கிறீர்கள். இந்தக் காலத்தில் டயர் எங்கே கிடைக்கிறது, எவன் விற்கிறான் என்று உங்களுக்குத் தெரியாததா? பூடு ஜெயில் மதிலுக்குப் பின்னால் இருட்டில் டயர் விற்கிறவனிடம் ரசீது கேட்டால் கழுத்தைத் திருகுவான். இரண்டு டயர் அவனிடம்தான் வாங்கினேன். விலையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

நான் படிக்காக மட்டும் நின்றவன் இல்லை. டிசம்பரில் கடை நிறைய ஆள் இருக்கும்போது படி கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கூலிக்கு ஓட்றவன் எங்கிட்டக் கணக்குப் பேசாதே." அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அது என் லோரி. நான் கூலிக்கு ஓட்டுகிறவன் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படியைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீனி வந்தது. செசிலியா நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

இருதயம்

786

கிள்ளான்
24-2-2603

இருதயம்,

உனக்கு மூளை இருக்கிறதா? எதைக் கடிதத்தில் எழுதுவது, எதை எழுதக் கூடாது என்று தெரியாதா? உன்னிடமிருந்து கிளம்பி என்னிடம் வருவதற்குள் ஒரு கடிதத்தில் நாலு கண் படுகிறது. டயர் விலைத் தாளை உடனே அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் அந்தச் சங்கதியை மறந்துவிடு.

இப்போது நான் சொல்வதைக் கேள். லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஆணி அடித்த வட்டத் தகரப் பட்டை இருக்கிறதல்லவா, பங்கீட்டுக் கடை லோரி என்பதற்கு ஆபீஸ் கொடுத்த அடையாளம், அதைக் கழற்றாதே. என் பெயர்ப் பலகையையும் கழற்றாதே. விறகு ஏற்று, கிழங்கு ஏற்று, எதை வேண்டுமானாலும் ஏற்று, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். லோரி மட்டும் என் பெயரிலேயே இருக்கட்டும். ஏன் என்று கடிதத்தில் கேட்காதே.

ஒரு நடை கிள்ளானுக்கு வா. நேரில்தான் சொல்ல முடியும். நானே வந்திருப்பேன், ரயில் பாஸ் கேட்டு இரண்டு முறை போயும் கிடைக்கவில்லை. டிசம்பரில் சொன்ன வார்த்தை கோபத்தில் வந்தது. அதையும் நேரில் பேசிக்கொள்வோம். வந்துவிடு தம்பி.

ஜெய்னுதீன்

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
2-3-2603

ராவுத்தர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றுதான் புரிந்தது. லோரியை விட உங்களுக்கு மனமில்லை. நேரில் வந்தால் தோளில் கைபோட்டுச் சாயா வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்பிவிடுவீர்கள். ஆறு மாதம் அப்படித்தான் படி கேட்டு உங்கள் வாசலில் நின்றேன். இனி கிள்ளான் பக்கம் வண்டியைத் திருப்பமாட்டேன்.

விறகு காண்ட்ராக்டர் இராமலிங்கம் நேற்றுக் கேட்கிறார், "லோரி ஒன்னோடதா, ராவுத்தரோடதா? அடுத்தவன் லோரின்னா எனக்கு வேணாம்பா." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் பணத்தில் வாங்கிய லோரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைக் குனிந்தேன்.

நீங்கள் ஐந்து வேளை தொழுகிறவர். மூன்று முறை ஹஜ்ஜுக்குக் காசு சேர்த்து மூன்று முறையும் ஏழைக் குமர்களின் கல்யாணத்துக்குக் கொடுத்தவர் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அடுத்தவன் பெண்டாட்டி நகையை விற்று வாங்கிய வண்டியைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு தொழுதால், அது ஹலாலா ஹராமா? உங்கள் பள்ளிவாசலில் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் தகரப் பட்டை எனக்கு வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, ரயில்வே ஜெயராஜ் கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன்.

இருதயம்

786

கிள்ளான்
5-3-2603

இருதயம்,

உன் கடிதம் வந்தபோது லுஹருக்குக் கை கால் கழுவி ஒளூ எடுத்துக்கொண்டிருந்தேன். படித்த பிறகு தொழுகையில் நிற்க முடியவில்லை. என்னை யாரும் இதுவரை அந்த வார்த்தை சொன்னதில்லை.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. இந்த லோரியை வாங்கியவன் இருதயம், செலவு செய்தவன் இருதயம், மராமத்துப் பார்த்தவன் இருதயம், ஓட்டுகிறவன் இருதயம், இதில் எனக்கு ஒரு ஆணிக்கும் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கிறேன். போதுமா?

ஒன்பது மாதப் படியையும் ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தருவேன்.

பட்டை என் மேசைமேல் கிடக்கிறது.

ஜெய்னுதீன்

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
12-3-2603

அன்புள்ள முதலாளி அவர்களுக்கு,

இனி அப்படியே எழுதுகிறேன். கை பழகியது மாறமாட்டேன் என்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அந்த வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. செசிலியாவும் சண்டைக்கு வந்தாள். "அந்த மனுசன் கொடுத்த சீனியத் தின்னுக்கிட்டே இப்பிடி எழுதுனீங்களா?" என்று கேட்டாள். மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் எட்டாம் தேதி வீட்டுக்கு வந்ததாகவும் சொன்னாள். எப்படியோ பாஸ் வாங்கி ரயிலேறி வந்தீர்களாம். நான் ஆபீசுக்குப் போயிருப்பதாகச் சொன்னதும், "போயிட்டானா? தாளக் குடுத்திருப்பானா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்களாம். பட்டை உங்கள் சட்டைப் பையில் இருந்ததாம். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். நான் வர இருட்டிவிட்டது. என்ன விஷயம் முதலாளி?

ஆபீசில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மனுவில் செலவுப் பத்தியெல்லாம் நிரப்பினேன். கரி அடுப்பு, டயர், அச்சு, பேரிங் ஒன்றும் விடவில்லை. "ரிப்பேர் செய்தவர் யார்?" என்று ஒரு கேள்வி. நானே என்று எழுதினேன். "கரி அடுப்பைப் பொருத்தியவர் யார்?" நானே. கூலிச் செலவு இல்லாவிட்டாலும் உழைப்பு என்னுடையதுதானே! அங்கிருந்த நிப்பொன் அதிகாரி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, என் தோளில் தட்டி, "ஜோத்தோ, ஜோத்தோ" என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தமாம். இரண்டு மூட்டைக் கரி அப்போதே கிடைத்தது.

உங்கள் பலகையைக் கழற்றவில்லை. அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்து என் பெயரை எழுதியிருக்கிறேன். இருதயம், சொந்த லோரி, பிரிக்பீல்ட்ஸ். சூசன் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இந்த மாதம் ஒரு நாள் அவளையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வருகிறேன்.

உங்கள்
இருதயம்

சேசு மரி சூசை

கோலாலம்பூர் ரயில் நிலையச் சரக்கு முற்றம்
27-3-2603

முதலாளி,

நேற்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். சொந்த லோரிக்காரர்கள் எல்லாரும் லோரியோடு வரவேண்டும் என்று உத்தரவு. வடக்கே சியாம் பக்கம் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாத வேலை, குடும்பத்துக்கு அரிசி கொடுப்பார்களாம். சொந்தமாக ரிப்பேர் தெரிந்தவர்களின் பெயரைத்தான் முதலில் படித்தார்கள். என் பெயர் இரண்டாவது.

லோரிகளை ரயிலில் ஏற்றுகிறார்கள். பதினேழு லோரி நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். தகரப் பட்டை வைத்த லோரி ஒன்றுகூட இல்லை. பங்கீட்டுக் கடை லோரிகளை விட்டுவிட்டார்கள்.

இப்போது எனக்கு விளங்குகிறது முதலாளி. நீங்கள் எழுத முடியாமல் எழுதியது விளங்குகிறது. நான் அதை எப்படிப் படித்தேன் பார்த்தீர்களா!

செசிலியாவிடம் மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ரயில் புறப்படும் என்கிறார்கள். ஜெயராஜ் இதைக் கொண்டுவருகிறான். ஏதாவது செய்ய முடியுமா?

இருதயம்

786

கோலாலம்பூர்
28-3-2603, விடிகாலை

தம்பி இருதயம்,

ஜெயராஜ் வந்த உடனே அவனோடேயே சரக்கு ரயிலில் புறப்பட்டு வந்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் ஆபீசில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். பட்டையை மேசைமேல் வைத்து, லோரி என்னுடையது, டிரைவர் என் ஆள், பங்கீட்டு அரிசி ஏற்ற அவன் வேண்டும் என்று சொன்னேன். அவன் உன் மனுவை எடுத்து, அதில் தைத்திருந்த என் கடிதத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். என் கையெழுத்து. என் முத்திரை. மொழிபெயர்ப்பாளன் கேட்டான், "இது பொய்யா பெரியவரே? பொய்னு சொன்னா ஒங்களையும் அனுப்பிடுவாங்க, அவன விடமாட்டாங்க."

பொய் என்றுதான் சொன்னேன். வாழ்நாளில் உண்மையைப் பொய் என்று சொன்னது அப்போதுதான். அதிகாரி எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான். என் வயதைப் பார்த்தோ என்னவோ, வெளியே தள்ளியதோடு விட்டான்.

முற்றத்துக்குள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எழுதுகிறேன். ஜெயராஜ் உன்னிடம் கொடுப்பான். செசிலியாவையும் பிள்ளையையும் பற்றி நீ நினைக்காதே, என் வீட்டில் உலை வைத்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். மூன்று மாதம்தானே. அல்லாஹ் இருக்கிறான்.

ஜெய்னுதீன்

(பென்சிலில் எழுதியது)

சே. ம. சூ.

தேதி தெரியவில்லை. மழைக்காலம்.

முதலாளி அவர்களுக்கு,

கை ஒடிந்து ஊருக்குத் திரும்பும் கிள்ளான் ஆள் ஒருவன் இதைக் கொண்டுவருகிறான். உங்கள் கடிதத்தை ஸ்டேஷனில் படித்தேன். அறை வாங்கியது இன்னும் வலிக்கிறதா?

மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. லோரி இன்னும் ஓடுகிறது. நான் ரிப்பேர் பார்ப்பதால்தான் ஓடுகிறது, ஓடுவதால்தான் என்னை விடவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே கெடுத்து வைத்தேன். அன்று பட்ட அடியை எழுதமாட்டேன், செசிலியா படிப்பாள்.

பலகையில் நான் அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்துவிட்டது. அடியில் உங்கள் பெயர் பளிச்சென்று தெரிகிறது. முகாம் எழுத்தர் அதைப் பார்த்துத்தான் என் பெயரை எழுதிக்கொண்டார். இங்கே எல்லாருக்கும் நான் ஜெய்னுதீன். முதலில் மறுத்துப் பார்த்தேன். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்டுக்கொண்டு போகிறேன். உங்களிடம் வேலை பார்ப்பது போலவே இருக்கிறது, கொஞ்சம் ஆறுதல்தான்.

ஒன்பது மாதப் படியில் மூன்று நடை மைலைக் கழித்துவிடுங்கள். அது என் சவாரிதான். சொல்லாமல் போக மனமில்லை.

இருதயம்

786

கிள்ளான்
14-11-1945

என் தம்பி இருதயத்துக்கு,

வருடத்தைப் பழையபடி எழுதுகிறேன் பார். இப்போது கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. அன்று எழுத முடியாததை இன்று எழுதலாம், உன் விலாசம்தான் எனக்குத் தெரியவில்லை. சியாமிலிருந்து ஆட்களைத் திருப்பி அழைத்துவரப் போகிறவர்களுடன் ஜெயராஜும் போகிறான். முகாம் முகாமாகக் கேட்டு உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

அந்த பிப்ரவரியில் பங்கீட்டு உப்புக்காக ஆபீசில் நின்றபோது, சொந்த லோரிக்காரர்களைப் பட்டியல் எடுப்பதைக் கண்ணால் பார்த்தேன். அதை எழுதினால் இரண்டு குடும்பமும் போயிருக்கும். அதனால் எழுதவில்லை. ஆனால் நீ என்னை நம்பாமல் போனதற்கு நான்தான் காரணம். படி கொடுக்க என் கையில் காசில்லை இருதயம். கல்லாவில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு நாலு கிடந்தது. முதலாளி என்று கூப்பிடுகிறவனிடம் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, உன் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தேன், கூலிக்காரன் என்று சொன்னேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கடையை விட்டுப் போயிருக்கமாட்டாய். நீ அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் சியாமிலிருந்து திரும்பிய ஒருவன் கடைக்கு வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். கல்லாவில் இருந்த என்னிடம், "ஜெய்னுதீன் கடை இதுதானா? டிரைவர் ஜெய்னுதீன் வீட்டுக்குச் சொல்லணும், போன வருசம் காலராவுல போயிட்டாரு" என்றான். நான்தான் ஜெய்னுதீன் என்றேன். அவன் பயந்துவிட்டான். எந்த ஊர் ஜெய்னுதீன், லோரிக்குக் கரி அடுப்பு இருந்ததா, உன்னைப்போல நெற்றியில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பெயரை மட்டும் கேள்விப்பட்டானாம். அந்தப் பெயரில் எத்தனை பேர் போயிருப்பார்கள்! பினாங்கில் ஒரு ஜெய்னுதீன், ஈப்போவில் ஒரு ஜெய்னுதீன் இருக்கமாட்டானா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். செசிலியாவிடம் சொல்லவில்லை. அந்தோணியார் கோவிலில் உனக்காகப் பூசை வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

இப்போது ஒரு காரியம். வண்டி பறிகொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. தாளை நானே வாங்கி வந்து நிரப்பினேன். லோரி விவரம், வாங்கிய விலை, கரி அடுப்பு, டயர் எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்பது மாதப் படியையும் தனியாக ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறேன், நீ சொன்ன மூன்று நடையைக் கழிக்கவில்லை. அந்தத் தாளில் லோரிக்கு ஏழு கேள்வி இருக்கிறது. ஓட்டிக்கொண்டு போனவனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

கீழே உரிமையாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. எனக்கு ஒரு ஆணிக்கும் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான், நான் போட முடியாது. பெண்டாட்டி போடலாம், ஆனால் விதவை என்று எழுதிப் போட வேண்டும் என்கிறார் குமாஸ்தா. தாளைச் செசிலியாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அவரு வந்து போடுவாரு" என்றாள். அப்புறம் காப்பி போட உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மனுக் கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் முப்பது. தாள் என் மேசைமேல் தகரப் பட்டைக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே யாரையும் எழுதவிடமாட்டேன். நீ வந்து போடு.

ஜெய்னுதீன்